ரெண்டு சின்னக் குழந்தைங்க இருக்கிற வீட்டுல ஒரு நாளை நகர்த்துறது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்க வீட்டுல பெரியவளுக்கு 5 வயசு, சின்னவனுக்கு ரெண்டரை. சின்னவன் நடக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து சண்டை தான். நானும் ரொம்ப நாள் இது பொம்மைக்காக வர்ற சண்டைன்னு நம்பிட்டு எதை வாங்கினாலும் ஒரே கலர்ல ஒரே சைஸ்ல ரெண்டு ரெண்டா வாங்கினேன், அப்பவும் அவ கையில இருக்கிறது தான் இவனுக்கு வேணும், இவன் தொட்டது தான் அவளுக்கு திரும்ப ஞாபகம் வரும். அப்புறம் தான் ஒண்ணு புரிஞ்சுது. பெரும்பாலான சண்டை, ரெண்டு பேருக்கும் ஒரே நிமிஷத்துல அம்மாவோ அப்பாவோ தேவைப்படுறப்ப தான் வெடிக்குது, பொம்மை அந்த நேரத்துல கைக்கு கிடைச்ச சாக்கு. அந்த நிமிஷங்களை கண்டுபிடிச்சு ஒரு பத்து நிமிஷம் தள்ளி வெச்சா வீடு பாதி அமைதி ஆயிடுது. இதைத்தான் படிப்படியா எழுதறேன், 6 மாச பாப்பாவும் 3 வயசு குழந்தையும் இருக்கிறவங்களுக்கும் பொருந்தும், 3ம் 6ம் இருக்கிறவங்களுக்கும் பொருந்தும்.

படி 1: 3 நாள் நோட்டு போடுங்க

ஒரு பேப்பர் எடுத்து ஃப்ரிட்ஜ் மேல ஒட்டுங்க, பேனாவையும் கட்டி தொங்க விடுங்க. சண்டை, அழுகை, அடி எது நடந்தாலும் மணி மட்டும் எழுதி பக்கத்துல ரெண்டு வார்த்தை. "5.40 டிராயிங்", "6.15 கால்ல தொங்கல்", இப்படி. யார் ஆரம்பிச்சாங்கன்னு எழுதவே வேணாம். அதுக்கு பதிலா அந்த நேரம் நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு எழுதுங்க, அது தான் ரொம்ப முக்கியம்.

நான் எழுதினப்ப 3 நாள்ல 14 தடவை வந்துச்சு, அதுல 9 சாயங்காலம் அஞ்சரைக்கும் ஏழுக்கும் நடுவுல. மீதி பெரும்பாலும் காலைல கிளம்புற அந்த அரைமணி நேரத்துல. நாள் முழுக்க சண்டை போடுறாங்கன்னு தான் நான் எல்லார்கிட்டயும் புலம்பிட்டு இருந்தேன், பேப்பரை பாத்தா நாள் முழுக்க இல்லவே இல்ல, ரெண்டு பொட்டு நேரத்துல தான் இருந்துச்சு. இது தெரிஞ்சதுமே மனசுல இருந்த பாரம் கொஞ்சம் இறங்குச்சு, ஏன்னா ரெண்டு இடத்தை சரி பண்ணினா போதும்ல.

படி 2: மொதல்ல வயிறையும் தூக்கத்தையும் பாருங்க

நோட்டுல வந்த நேரத்தை எடுத்து, குழந்தைங்க கடைசியா சாப்பிட்டது எப்போ, தூங்கினது எப்போன்னு பக்கத்துல போட்டு பாருங்க. பசியோட இருக்கிற ரெண்டு வயசு குழந்தைகிட்ட எந்த டெக்னிக்கும் எடுபடாது. சாயங்கால ஸ்நாக்ஸை அரைமணி நேரம் முன்னாடி குடுத்ததுலயே எங்க வீட்டுல ரெண்டு மூணு சண்டை காணாம போச்சு.

தூக்கத்துக்கு ஒரு அளவு தெரிஞ்சு வெச்சுக்குங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்ன கணக்குப்படி 24 மணி நேரத்துல, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 4 முதல் 11 மாச குழந்தைக்கு 12லேர்ந்து 16 மணி நேரம், 1 முதல் 2 வயசுக்கு 11லேர்ந்து 14, 3 முதல் 4 வயசுக்கு 10லேர்ந்து 13. உங்க குழந்தைங்க எவ்வளவு தூங்குறாங்கன்னு கூட்டி பாருங்க, ஒருத்தருக்கு தினமும் ஒரு மணி நேரம் குறைஞ்சாலும் அந்த குழந்தை தான் தினமும் சாயங்காலம் "அடம் புடிக்கிற குழந்தை"ன்னு பேர் வாங்கிட்டு இருக்கும். பாவம், அதுக்கு தூக்கம் தான் வருது.

படி 3: மோதுற நேரத்தை பிரிங்க

இது தான் இந்த வழிகாட்டியோட முதுகெலும்பு, கொஞ்சம் நிதானமா படிங்க.

வீட்டுக்குள்ள நீங்க நுழையற நேரத்தை எடுத்துக்குங்க. நான் கதவை திறந்ததும் சின்னவன் ஓடி வந்து முட்டியை கட்டிப்பான், பெரியவ ஒரு பேப்பரை தூக்கிட்டு வந்து "அம்மா இங்க பாரு, அம்மா இங்க பாரேன்"னு நிப்பா, நான் இவனை தூக்கிட்டே அவ பேப்பரை பாக்க, இவன் அந்த பேப்பரை இழுக்க, கிழிய, அவ அடிக்க, ரெண்டும் அழ. தினமும் இதே தான். இப்போ என்ன பண்றேன்னா, பையை கீழ வெச்சுட்டு அங்கயே தரையில உக்காந்துடறேன். சின்னவன் மடியில ஏறிப்பான், பெரியவ எனக்கு எதிர்ல. "டிராயிங்கை மேல பிடிச்சுக்கோம்மா, தம்பி கைக்கு எட்டாம, நான் அங்கேர்ந்தே பாக்கறேன்"னு சொல்லுவேன். அவ உயர்த்தி பிடிச்சு இது சூரியன், இது நாய், இது நாய் வீடுன்னு ஒவ்வொண்ணா சொல்லுவா. சின்னவனுக்கு வேண்டியது என் உடம்பு, அவளுக்கு வேண்டியது என் கண்ணு. இதை பிரிச்சு குடுத்தா ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கும் குடுக்க முடியுது! இதுக்கு ஆகுறது பத்து நிமிஷம், அதுக்கு அப்புறம் தான் ஃபோன், சமையல், துணி எல்லாம்.

காலை நேரத்துக்கு வேற வழி. ரெண்டு பேரையும் ஒண்ணா எழுப்பாதீங்க. யாருக்கு உதவி அதிகமா தேவையோ அவங்களை 15 நிமிஷம் முன்னாடி எழுப்பி பாத்ரூம், டிரஸ் முடிச்சுடுங்க, அப்புறம் அடுத்தவங்க. டிரஸ், சாக்ஸ், பை எல்லாம் முந்தின நாள் ராத்திரியே ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி குவியலா தரையில வெச்சுடுங்க. 4, 5 வயசு குழந்தை தன் குவியலை பாத்து தானே போட்டுக்கும், பட்டனுக்கும் ஜிப்புக்கும் மட்டும் உங்ககிட்ட வரும். சட்டை திருப்பி போட்டிருந்தா பரவால்ல, விடுங்க.

கைக்குழந்தை இருக்கிற வீட்டுல மோதுற நேரம்னா பால் குடுக்கிற நேரம் தான். அம்மா உக்காந்துட்டா எழுந்திருக்க முடியாதுன்னு பெரிய குழந்தைக்கு நல்லா தெரியும், அப்ப தான் தண்ணி கேக்கும், பாத்ரூம் வரும், அலமாரி மேல ஏறும். அதனால உக்கார்றதுக்கு முன்னாடி பெரிய குழந்தையை பாத்ரூம் கூட்டிட்டு போயிட்டு வந்து, தண்ணி பாட்டிலையும் ஒரு கூடையையும் பக்கத்துல வெச்சுட்டு உக்காருங்க. அந்த கூடை பால் குடுக்கிற நேரத்துக்கு மட்டும் தான் வெளிய வரணும், ஸ்டிக்கர், படப்புத்தகம், பழைய கீ செயின் எதுவா வேணா இருக்கட்டும், மத்த நேரம் கண்ணுலயே படக்கூடாது. ஒரு கை ஃப்ரீயா இருந்தா அந்த கை பெரிய குழந்தை முதுகுல இருக்கட்டும்.

அப்போ பாப்பாவை பத்தியே பேசுங்க, இதுக்கு ஒரு காரணம் இருக்கு. இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் பக்கம் ஜூடி டன், கேரல் கெண்ட்ரிக்னு ரெண்டு பேர் 40 குடும்பங்களை ரெண்டாவது குழந்தை பிறக்கறதுக்கு முன்னாடியிலிருந்தே தொடர்ந்து கவனிச்சு 1982ல எழுதினாங்க. அம்மாக்கள் பாப்பாவுக்கு என்ன வேணும், அது என்ன நினைக்குதுன்னு மூத்த குழந்தைகிட்ட பேசின வீடுகள்ல, பிற்பாடு ரெண்டு குழந்தைங்களும் அதிக சிநேகமா இருந்தாங்கன்னு அதுல வந்துச்சு. "பாப்பா ஏன் அழுவுது, பசியா இருக்குமா, வெளிச்சம் கண்ணுல படுதா, நீ என்ன நினைக்கிற?" அவ்வளவு தான், செலவே இல்லாத விஷயம்.

படி 4: பொருளுக்கு இடம் பிரிங்க

பெரிய குழந்தைக்கு சின்னவங்க எட்ட முடியாத ஒரு இடம் கண்டிப்பா வேணும். உயரமான மேஜையோ மேல் ஷெல்ஃபோ, ஏதாவது ஒண்ணு. ஒரு மணி நேரம் அடுக்கின பிளாக்ஸை தம்பி ஒரே தட்டுல தள்ளி விட்டா அது அவளுக்கு நிஜமாவே இழப்பு தான், "அவன் சின்னப்பிள்ளை தானே"ன்னு சொல்லி முடிச்சுடாதீங்க. எங்களுக்கு ரொம்ப கை குடுத்த ஐடியா, தவழற குழந்தைக்கு வாங்கின தடுப்பு வேலிக்குள்ள பெரியவளை உக்கார வெச்சது. அவ உள்ள, சின்ன சின்ன பீஸோட. அவன் வெளிய, வீடு முழுக்க அவனுக்கு. அவளுக்கு அது தன்னோட கோட்டை மாதிரி ஆயிடுச்சு.

இது பாதுகாப்புக்கும் தான். பெரியவங்க விளையாட்டு சாமான் சின்னவங்க தொண்டையில போய் அடைக்கிற ஆபத்து எப்பவும் இருக்கு. 3 வயசுக்கு கீழ குழந்தை இருந்தா, டாய்லெட் பேப்பர் ரோல் நடுவுல இருக்கிற அட்டைக் குழாய்க்குள்ள நுழையற எந்த பொருளும் அது கைக்கு எட்டக்கூடாது. பட்டன் பேட்டரி, சின்ன காந்த உருண்டை இது ரெண்டையும் வீட்டுலயே வெச்சுக்காம இருந்தா இன்னும் நல்லது. பட்டன் பேட்டரி உணவுக்குழாய்ல மாட்டினா 2 மணி நேரத்துக்குள்ளயே உள்ள பெரிய புண்ணாக்கிடும், முழுங்கியிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே நேரா ஹாஸ்பிடல் எமர்ஜென்சிக்கு போயிடணும், காலைல பாத்துக்கலாம்னு இருக்கவே கூடாது. தண்ணியும் அப்படித்தான். பாத் டப்லயோ பக்கெட்லயோ கொஞ்சம் தண்ணி இருந்தாலும் "தம்பியை பாத்துக்கோ"ன்னு 5 வயசு குழந்தைகிட்ட விட்டுட்டு டவல் எடுக்க போகாதீங்க, அந்த பொறுப்பு அந்த வயசுக்கு இல்ல. டவலை முன்னாடியே எடுத்துட்டு போங்க, மறந்துட்டா ரெண்டு பேரையும் கூட்டிட்டே போங்க.

படி 5: "ஷேர் பண்ணு"க்கு பதிலா "முறை"

ரெண்டு வயசு குழந்தைக்கு ஷேர் பண்றதுன்னா என் கையில இருந்தது போயிடுச்சுன்னு மட்டும் தான் அர்த்தம், திரும்ப வரும்னு இன்னும் நம்பிக்கை வரல. மில்ட்ரெட் பார்ட்டன்னு ஒருத்தங்க 1932லயே குழந்தைங்க விளையாட்டை கவனிச்சு எழுதினது, சின்ன வயசுல குழந்தைங்க சேர்ந்து விளையாடறதை விட பக்கத்துல பக்கத்துல உக்காந்து அவங்கவங்க விளையாட்டை ஆடுறது தான் அதிகம், சேர்ந்து ஆடுறது போகப் போக தான் வருதுன்னு. அதனால ரெண்டு பேரும் ஒரே பொருளை வெச்சு ஒத்துமையா ஆடணும்னு எதிர்பாக்காதீங்க, ஒரே ரூம்ல இருந்தாலே அந்த வயசுக்கு போதும்.

எங்க வீட்டு விதி இது தான். கையில வெச்சிருக்கிறவங்க முடிச்சுட்டு தான் குடுப்பாங்க, பிடுங்கக்கூடாது, காத்திருக்கிறவங்க "அடுத்தது எனக்கு"ன்னு சொல்லி வெச்சுக்கலாம். "இன்னும் 5 நிமிஷம்"னு சின்னவன்கிட்ட சொன்னா புரியாது, "அக்கா இன்னும் ரெண்டு ரவுண்டு ஓட்டிட்டு தருவா"ன்னு எண்ணிக் காட்டினா புரியுது. காத்திருக்கிற கை சும்மா இருந்தா அது பிடுங்க தான் போகும், அதுக்கு ஒரு வேலை குடுங்க. சைக்கிள் முறை வர்ற வரைக்கும் அவன் தான் டிராஃபிக் போலீஸ், கையை காட்டினா அக்கா நிக்கணும். பல தடவை சைக்கிளையே மறந்துடறான்.

அப்புறம், ஒவ்வொருத்தருக்கும் யாருக்குமே குடுக்க வேண்டாத ஒண்ணு ரெண்டு பொருள் இருக்கட்டும். தூங்குறப்ப கட்டிக்கிற பொம்மை, போர்வை இதெல்லாம் முறைக்குள்ள வராது. இது என்னோடது, யாரும் எடுக்க மாட்டாங்கன்னு உறுதி இருந்தா தான் மத்ததை குடுக்க மனசு வரும்.

படி 6: சண்டை வந்துடுச்சு, இப்போ என்ன பண்றது

சத்தம் வந்ததுமே ஓடாதீங்க. வெறும் வாய்ச்சண்டைன்னா கதவுகிட்ட நின்னு பாருங்க, பாதி தானா முடியும். அடி, கடி, தள்ளல் வந்தா மட்டும் உடனே போங்க, போயி நடுவுல உக்காருங்க. நின்னுட்டு மேலேர்ந்து பேசினா ஜட்ஜ் மாதிரி ஆயிடும்.

போன வாரம் நடந்ததை அப்படியே சொல்றேன். நீல கலர் பக்கெட், ஆளுக்கு ஒரு பக்கம் கைப்பிடி. அவன் அவ கையை கடிச்சுட்டான், பல் தடம் தெரியுது. நான் உக்காந்து பக்கெட்டை வாங்கி என் மடியில வெச்சுக்கிட்டேன், "இது என்கிட்ட இருக்கட்டும், யாரும் எடுத்துக்கல"ன்னு சொன்னேன். மொதல்ல அடிபட்டவங்களை பாக்கணும், அதனால அவ கையை பிடிச்சு தண்ணியில கழுவினேன், அவனையும் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு. "கடிச்சா வலிக்கும், பாரு அக்காவுக்கு செவந்து போச்சு"ன்னு ஒரே ஒரு வாக்கியம். அப்புறம் அவகிட்ட "நீ சொல்லும்மா". "நான் தான் மொதல்ல எடுத்தேன், தண்ணி ஊத்த போறேன்." அவன் பக்கம் திரும்பினேன், "உனக்கு என்ன கண்ணா?" அவன் "பக்கெட்"னு மட்டும் சொன்னான். நான் "அவளுக்கு தண்ணி ஊத்தணும், இவனுக்கும் பக்கெட் வேணும், பக்கெட் ஒண்ணு தான் இருக்கு, என்ன பண்ணலாம்?"னு கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டேன். அந்த மௌனம் கஷ்டம் தான், ஒரு அரை நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் அவளே "அவன் மக்குல மொண்டு குடுக்கட்டும், நான் பக்கெட்டை தூக்கிட்டு போறேன்"னா. இதை விட நல்ல தீர்ப்பு நான் சொல்லியிருக்க மாட்டேன்.

வரிசை ஞாபகம் வெச்சுக்குங்க: பொருள் உங்க கைக்கு வரணும், காயத்தை பாக்கணும், ரெண்டு பேரையும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா கேக்கணும், கேட்டதை நீங்க திருப்பி சொல்லணும், வழியை அவங்க கிட்டயே கேக்கணும். 3 வயசுக்கு கீழ இருக்கிறவங்க வழி சொல்ல மாட்டாங்க, நீங்களே ரெண்டு வழி காட்டி ஒண்ணை எடுக்க சொல்லுங்க. உடனே சாரி சொல்ல வெக்காதீங்க, அழுகைக்கு நடுவுல வர்ற சாரி வெறும் சத்தம். ஐஸ் எடுத்துட்டு வர, தடவி விட, அந்த மாதிரி கையால பண்ற காரியமா கேளுங்க.

கடிக்கிற, அடிக்கிற சின்னக் குழந்தைக்கு பெரும்பாலும் வார்த்தை பத்தல. "எனக்கு", "வேணாம்", "தள்ளு" இந்த மூணையும் சண்டை இல்லாத நேரத்துல விளையாட்டா சொல்லிக் குடுங்க. பெரிய குழந்தைக்கும் ஒண்ணு புரிய வெக்கணும், தம்பி வேணும்னே பண்ணல, உன் மனசுல என்ன ஓடுதுன்னு அவனுக்கு தெரியாதுன்னு. இது சமாதானத்துக்கு சொல்றது இல்ல. 1983ல விம்மர், பெர்னர்னு ரெண்டு பேர் பண்ணின சோதனை ஒண்ணு இருக்கு. ஒரு பையன் சாக்லேட்டை ஒரு அலமாரியில வெச்சுட்டு வெளிய போறான், அவன் இல்லாதப்ப அம்மா அதை வேற அலமாரிக்கு மாத்திடறாங்க, திரும்பி வந்து எங்க தேடுவான்னு குழந்தைங்க கிட்ட கேட்டாங்க. 3 வயசு குழந்தைங்க இப்போ இருக்கிற இடத்தையே காட்டினாங்க, 4 வயசுக்கு மேல போனவங்களுக்கு தான் கொஞ்சம் கொஞ்சமா சரியான பதில் வர ஆரம்பிச்சுது. தனக்கு தெரிஞ்சது அடுத்தவங்களுக்கு தெரியாம இருக்கலாம்னே புரியாத குழந்தைகிட்ட "அக்காவுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சு பாரு"ன்னு கேட்டு என்ன ஆகப்போகுது, பொருளை தள்ளி வெக்கறது தான் வழி.

படி 7: வாயில வர்ற ரெண்டு மூணு வாக்கியத்தை மாத்துங்க

"நீ பெரியவ தானே, விட்டுக்குடு." இதை நிறுத்துங்க. 5 வயசு ஒண்ணும் பெரிய வயசு இல்ல, தம்பி பிறந்த ஒரே காரணத்துக்காக அவ பெரியவ ஆயிட்டா. இதையே நாள் முழுக்க கேட்டா தம்பி மேல தான் கோபம் வரும். அதே மாதிரி "பாப்பா தூங்குது, அதான் உன்கூட வர முடியல"ன்னு எல்லாத்துக்கும் பாப்பாவை காரணமா சொல்லாதீங்க, "என் கை இப்போ காலியா இல்ல, இதை முடிச்சுட்டு வரேன்"னு சொல்லுங்க. எப்பவாவது சின்னவங்களையும் காக்க வெக்கணும், பெரியவங்க காதுல விழற மாதிரி: "தம்பி, கொஞ்சம் இரு, அக்காவுக்கு தலை வாரிட்டு வரேன்." இதை கேட்டப்ப அவ முகத்துல வந்த சிரிப்பை இன்னும் நான் மறக்கல.

ரெண்டு குழந்தைங்களையும் ஒப்பிட்டு பேசறது பத்தி நீட்டி சொல்ல வேண்டியதில்ல, அது வேணாம்.

படி 8: ஆளுக்கு பத்து நிமிஷம், தனியா

தினமும், ஒவ்வொருத்தர் கூடவும், ஃபோன் இல்லாம 10 நிமிஷம். என்ன விளையாட்டுன்னு குழந்தை தான் சொல்லணும். வீட்டுல அம்மா, அப்பா ரெண்டு பேரும் இருந்தா ஆளுக்கு ஒரு குழந்தை, மறுநாள் மாத்திக்கலாம். ஒருத்தர் தான் இருக்கீங்கன்னா சின்னவங்க பகல்ல தூங்குற நேரம் பெரியவங்களுக்கு, டயப்பர் மாத்துற நேரமும் குளிக்க வெக்கிற நேரமும் சின்னவங்களுக்குன்னு வெச்சுக்குங்க, தனியா நேரம் தேட வேண்டாம். அதுக்கு ஒரு பேர் வெச்சு சொல்லுங்க, "நம்ம நேரம்"னு. பேர் இருந்தா குழந்தை அதுக்காக காத்திருக்கும்.

பாப்பா வந்த அப்புறம் பெரிய குழந்தை திரும்ப படுக்கைய நனைக்கும், பாட்டில் கேக்கும், மழலை பேசும். திட்டாம, ரெண்டு நாள் பாட்டில் கேட்டா குடுத்துடுங்க, மடியில போட்டு ஆட்டுங்க, பெரும்பாலும் தானா விட்டுடும்.

படி 9: ராத்திரி

ரெண்டு பேருக்கும் ஒரே ரூம்னா சின்னவங்களை 20, 30 நிமிஷம் முன்னாடி படுக்க வைங்க, பெரியவங்களுக்கு வெளிய மெல்லிசா கதை. ஒண்ணா தூங்க வெக்க பாத்தா ஒருத்தரை பாத்து ஒருத்தர் சிரிச்சே ஒரு மணி நேரம் போயிடும். ஒரு வயசுக்குள்ள இருக்கிற பாப்பாவை மல்லாக்க, தலையணை, கனமான போர்வை இல்லாத உறுதியான தனி படுக்கையில தான் படுக்க வெக்கணும். அண்ணன் அக்கா ஆசையா கேட்டாலும் அதே படுக்கையில சேர்த்து படுக்க விடாதீங்க, தூக்கத்துல கை போட்டா பாப்பாவால தள்ள முடியாது.

உடம்பு சரியில்லாத நாட்கள்

ஒருத்தருக்கு சளி வந்தா அடுத்தவங்களுக்கு வராம தடுக்கறது கஷ்டம், ஆனா டம்ளர், ஸ்பூன், டவல் தனியா வைங்க, சோப்பு போட்டு 20 செகண்ட் கை கழுவ பழக்குங்க. காய்ச்சல் மருந்து அளவு எடையை வெச்சு தான், அதனால ஒருத்தருக்கு எழுதின அளவை அடுத்தவங்களுக்கு குடுக்காதீங்க. யாருக்கு, என்ன மருந்து, எத்தனை மணிக்குன்னு அதே ஃப்ரிட்ஜ் பேப்பர்ல எழுதுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ரெண்டு குழந்தைக்கும் காய்ச்சல் அடிக்கிறப்ப ஞாபக சக்தியை நம்ப முடியாது. 3 மாசத்துக்குள்ள இருக்கிற பாப்பாவுக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்தாலே உடனே டாக்டர்கிட்ட போயிடணும்.

இந்த மாதிரி நாட்கள்ல மேல சொன்ன எந்த விதியும் ஓடாது, ஓட வேண்டியதும் இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 4 வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்க்ரீன் வேணாம்னு சொல்லுது, ஒரு வயசுக் குழந்தைக்கு வேணவே வேணாம்னு சொல்லுது, சாதாரண நாள்ல நாங்க அதை பாத்துக்கறோம். பெரியவ காய்ச்சல்ல படுத்திருக்கிற அன்னிக்கு கார்ட்டூன் கொஞ்சம் கூடுதலா ஓடும், அதுக்காக நான் வருத்தப்படறது இல்ல.

சின்னவங்க பகல் தூக்கத்தை விடுற மாசம், பெரியவங்க ஸ்கூல் டைம் மாறுற மாசம், இதெல்லாம் வந்தா மோதுற நேரமும் இடம் மாறிடும். பழைய டைம் டேபிளை பிடிச்சு தொங்காம படி 1க்கு போயி இன்னொரு 3 நாள் பேப்பர் ஒட்டுங்க. எங்க வீட்டுல இப்போ ரெண்டாவது தடவை ஒட்டியிருக்கேன், இந்த தடவை மதியம் 2 மணி பக்கம் தான் கூட்டமா இருக்கு.